கட்சிரோலியில் இருந்து தில்லிக்கு 12 ஆண்டுகள்

2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 44 குழந்தைகள் 28 நாள்களைக் கடக்கவில்லை. நாடு முழுவதும் அந்த ஓராண்டில் மட்டும் இவ்வாறு இறந்த பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் அதிகம். இத்தகைய மரணங்களைப் பெருமளவு குறைக்கும் வழி அதற்கு முந்தைய ஆண்டே இந்தியக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, உலகறிய வெளியிடப்பட்டிருந்தது. ஆனால், அது தேசியத் திட்டமாக உருப்பெற 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், சத்தீஸ்கர் எல்லையை ஒட்டியுள்ள கட்சிரோலி, காடுகளும் பழங்குடி மக்களும் நிறைந்த மாவட்டம். மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் 1986-இல் அங்கு 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினர். சிகிச்சையுடன் அவர்கள் நின்றுவிடவில்லை. கிராமங்களில் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யத் தொடங்கினர்.

39 கிராமங்களில் ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. குழந்தையின் எடையையும் உடல் வெப்பத்தையும் அளப்பது, மூச்சுத் திணறலுடன் பிறக்கும் குழந்தைக்கு உதவுவது, கிருமித்தொற்றின் அறிகுறிகளை அறிந்து ஊசி மருந்து செலுத்துவது ஆகியவற்றை அவர்கள் கற்றனர். இத்தகைய ஏற்பாடு இல்லாத 47 கிராமங்களுடன் ஒப்பிடப்பட்டபோது, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை மரண விகிதம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999 டிசம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது.

இரு கேள்விகள்

பயன்படுத்தப்பட்ட மருந்து புதியதன்று. அதை யார், எங்கே, என்ன செலவில் கொண்டு சேர்ப்பது என்பதே கண்டறியப்பட்டது. சுகாதார அமைப்புகள் பற்றிய ஆராய்ச்சியின் பணி இதுதான். ஆனால், தில்லியில் இரு கேள்விகள் எழுந்தன. அர்ப்பணிப்பு மிக்க ஒரு தம்பதியின் நேரடிக் கண்காணிப்பில் நடந்ததை அரசு இயந்திரம் நாடெங்கும் செய்து காட்ட முடியுமா? மருத்துவம் பயிலாத கிராமப் பெண் குழந்தைக்கு ஊசி போடலாமா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதலாவதற்கு விடை காண மகாராஷ்டிரத்தில் மேலும் ஏழு இடங்களிலும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மூலம் ஐந்து மாநிலங்களிலும் சோதனைகள் நடைபெற்றன. இதற்கிடையே, 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கம், 'ஆஷா' பணியாளர்களைக் கிராமங்கள்தோறும் நியமித்தது. வீடு தேடிச் செல்வதற்கான ஆள் பலம் அப்போதுதான் கிடைத்தது.

2011-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் ஆறு முறையும், வீட்டில் பிறந்த குழந்தையை ஏழு முறையும் ஆஷா பணியாளர் சென்று பார்க்க வேண்டும். இதற்கான ஊக்கத்தொகை ரூ. 250. ஆனால், ஊசி மருந்து அவர்கள் கைக்குத் தரப்படவில்லை. குறிப்பிட்ட சூழ்நிலைகளில் துணைச் செவிலியர்கள் அதைச் செலுத்த 2014-இல்தான் அனுமதி கிடைத்தது.

தாமதத்தின் விலை

எச்சரிக்கை தேவைதான்; ஆனால், எச்சரிக்கையோடு கழியும் ஆண்டுகளுக்கும் விலை உண்டு. கட்சிரோலியின் முடிவு வெளியான நாளில், இதனை மற்ற மாநிலங்களில் உடனே சோதித்து, இத்தனை காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்கும் நிலையான ஏற்பாடு மத்திய அரசிடம் இல்லை. தேசிய சுகாதார அமைப்புகள் ஆதார மையம் 2006-இலும், சுகாதார ஆராய்ச்சித் துறை 2007-இலும்தான் தோன்றின. மொத்த சுகாதாரச் செலவில் அரசின் ஆராய்ச்சிச் செலவு 2005-இல் ஒரு சதவீதமாகவும், 2010-இல் இரண்டு சதவீதமாகவும் உயர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை கூறியிருந்தது. திட்டமிடுவோர் ஆராய்ச்சியின் தேவையை அறியாதவர்கள் அல்லர் என்பதற்கு அதுவே சான்று.

2017-ஆம் ஆண்டுக் கொள்கை, 2025-க்குள் பச்சிளங்குழந்தை மரண விகிதத்தை ஆயிரத்துக்கு 16 ஆகக் குறைப்பதாக உறுதி கூறியது. 2021-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் அது 19 ஆக இருந்தது. 2000-ஆம் ஆண்டின் 44-உடன் ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. எனினும், 2020-இல் கேரளத்தில் 4 ஆக இருந்த இவ்விகிதம் மத்தியப் பிரதேசத்தில் 31. தேசிய சராசரியை மட்டும் பார்த்து வகுக்கப்படும் திட்டம் இவ்விரு மாநிலங்களுக்கும் ஒருசேரப் பொருந்தாது.

2030-க்குள் இந்த எண்ணிக்கையை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவது 2014-இல் ஏற்கப்பட்ட இலக்கு. அதை எட்ட வேண்டுமானால், மரணம் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகள் எந்த நாளில், எங்கே, எதனால் இறக்கின்றன என்ற கணக்கு முதலில் வேண்டும். கட்சிரோலியில் பணி தொடங்கியது அந்தக் கணக்கில் இருந்துதான். அங்கிருந்து வரும் விடைக்கு இன்னொரு 12 ஆண்டுகள் தில்லியில் காத்திருக்க நேரக் கூடாது.