உலக்கைக்குப் பூண், பல்லுக்கு உறை

நெல் குத்தும் உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் ஏன் இருக்கிறது என்பதைக் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓயாத இடியில் மரம் நார்நாராகப் பிளந்துவிடாமல் அது சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. அதே மரத்தைப் பிளக்க வேண்டுமானால் நடுவில் ஆப்பு அறைவார்கள். வெளியிலிருந்து அணைக்கும் வளையம் காக்கும். உள்ளிருந்து நெருக்கும் ஆப்பு பிளக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லின் ஆயுளும் பெரும்பாலும் இந்த விதியையே சார்ந்திருக்கிறது.

தஞ்சைப் பகுதியில் பல் மருத்துவராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "உள்ளே ஒரு கம்பி வைத்துப் பல்லைப் பலப்படுத்திவிடுங்கள்." தூணுக்குள் முறுக்குக் கம்பி வைப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால், தூணில் கம்பியைச் சுற்றிக் காங்கிரீட்டை வார்க்கிறோம். பல்லிலோ கம்பிக்கான இடத்தைப் பல்லையே குடைந்துதான் பெற வேண்டும். குடையக் குடைய வேரின் சுவர் மெலிகிறது.

மருத்துவர்கள் 'போஸ்ட்' என்று அழைக்கும் இந்த முளையின் வேலை ஒன்றே ஒன்றுதான். பல்லின் மேற்பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டபோது, அங்கே புதிதாகக் கட்டும் அடித்தண்டை வேரோடு பற்றவைப்பது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில் விவரித்த உலோக முளைகளும் செயற்கைப் பல்லை வேரில் நிறுத்துவதற்கானவையே. வேருக்கு வலுவூட்டுவது அன்றும் இன்றும் முளையின் பணியன்று.

வேர் சிகிச்சை செய்த பல் உலர்ந்து நொறுங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உண்மையான காரணம் வேறு. முன்கடைவாய்ப் பற்களைக் கொண்டு செய்யப்பட்டு 1989-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வேர் சிகிச்சைக்கான துளையால் மட்டும் பல்லின் விறைப்பு சுமார் 5 விழுக்காடுதான் குறைந்தது. இருபக்க விளிம்புகளும் போகும்படி குழி எடுத்தபோது அது 63 விழுக்காடு குறைந்தது. ஆக, பல்லை வலுவிழக்கச் செய்வது நரம்பு போனது அன்று. சொத்தையாலும் குடைவாலும் சுவர்கள் போனதுதான்.

கடைவாய்ப் பற்களை முழு வலுவோடு கடித்தால் 50 கிலோ எடைக்கும் மேலான விசை அவற்றின்மீது இறங்கக்கூடும். முன்பற்களில் விசை குறைவு என்றாலும் அது சாய்வாக விழுந்து, பல்லை நெம்புகோல்போல் வளைக்கிறது. பல்லின் உட்பொருளான டென்டினைவிட எஃகு ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. டைட்டானியம் ஐந்தாறு மடங்கு. பல் சற்று வளையும்போது உள்ளிருக்கும் உலோகம் வளைய மறுக்கிறது. அழுத்தம் முளையின் நுனிப் பகுதியில் வந்து குவிகிறது. நுனி குறுகிய முளையென்றால் ஆப்பாகவே மாறிவிடுகிறது. முடிவில் வேர் நெடுக்காக விரிசல் விட்டால் அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை.

கண்ணாடி இழை முளைகளின் விறைப்பு டென்டினுக்கு நெருக்கமானது. அவை தோற்கும்போது பெரும்பாலும் ஒட்டு விடும், அல்லது மேற்கட்டு உடையும்; வேர் பிழைத்துக்கொள்ளும். அது நல்ல செய்திதான். எனினும் முளை எதனால் ஆனது என்பதைவிட, ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். 'கேப்' என்று நாம் சொல்லும் உறை, சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபெரூல்' என்று பெயர். அந்தச் சொல்லின் பொருளே பூண்தான்.

டெல்டாவில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையோடு கொட்டைப்பாக்கையும் மென்று பழகிய வாய்கள் இங்கே ஏராளம். பாக்கு புற்றுநோய்க் காரணி என்பது பலரும் அறிந்த எச்சரிக்கை. அதன் கடினம் பற்களைத் தேய்க்கிறது, விரிசல் விடச் செய்கிறது என்பது பலரும் அறியாதது. ஏற்கெனவே சுவர் மெலிந்த பல்லுக்கு ஒவ்வொரு பாக்கும் ஓர் உலக்கை இடி.

வலி நின்றதும் சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணுவதே மிகப் பெரிய இழப்புக்கு வழிவகுக்கிறது. அறுவடை முடியட்டும், பணம் வரட்டும் என்று உறை தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில், வேர் சிகிச்சைக்குப் பின் உறை போடாத பற்கள், போட்டவற்றைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. ஆகவே வேர் சிகிச்சையையும் உறையையும், குறிப்பாகக் கடைவாய்ப் பற்களில், ஒரே சிகிச்சையாகக் கருத வேண்டும். அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் அவ்வாறே கருத வேண்டும் என்பது என் கருத்து. சிகிச்சைக்கான செலவை ஏற்றுக்கொண்டு உறையைக் கைவிடுவது, வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு மடையைத் திறக்காமல் விடுவது போன்றது.

அடுத்த முறை மருத்துவர் முளை வைக்கலாம் என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முளை இல்லாமல் அடித்தண்டு நிற்காதா? பெரும்பாலான கடைவாய்ப் பற்களில் நிற்கும். வேரின் நுனியில் அடைப்புப் பொருள் நான்கைந்து மில்லிமீட்டராவது மிஞ்சுமா? மிஞ்சாவிட்டால் கிருமி மீண்டும் நுழையும். உறை பற்றுவதற்கு எவ்வளவு பல் இருக்கிறது? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்த பிறகே கம்பியின் விலையைப் பேசலாம்.