கண்மாய் இருக்கிறது, வாய்க்கால் எங்கே?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி எழவிருந்த ஆயிரத்துச் சொச்சம் அடுக்குமாடி வீடுகளுக்கு 2025 அக்டோபர் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தேனி அல்லிநகரத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிக்கிறவருக்கு மீறுசமுத்திரம் கண்மாய் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

பள்ளிக்கரணையில் சண்டை முழுக்க எல்லைக் கோட்டைப் பற்றியது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் ஏறிய சுமார் 1,248 ஹெக்டேர் எங்கே முடிகிறது, மனை அதற்கு உள்ளேயா வெளியேயா? எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை புதிய கட்டுமான அனுமதி கூடாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரிலேயே சொல்லியிருந்தது. பட்டா நிலம், முறையான அனுமதி, வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் என்று மறுதரப்புக்கும் வாதம் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை அந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்கும் வாய்க்கால்.

கண்மாய்க்குள் இறங்கி வீடு கட்டினால் ஊரே பார்க்கும், வழக்கு வரும், பொக்லைனும் வரும். வரத்து வாய்க்காலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மலையில் பெய்த மழையை ஓடையாகவும் வாய்க்காலாகவும் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். தோட்டத்தை மனையாகப் பிரிக்கும்போது முதலில் வாய்க்கால் ஓரமாக ஒரு மண்பாதை வரும். பிறகு பாதைக்கு வசதியாக வாய்க்காலுக்குள் ஒரு சிமென்ட் குழாய் இறங்கும். அதற்கும் பிறகு மேலே தார் ரோடு. எட்டடி அகலத்தில் வந்த தண்ணீர் ஒன்றரை அடிக் குழாய்க்குள் நுழையத் திணறிப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். கண்மாய் மட்டும் ஆவணத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாமல் பத்திரமாக இருக்கும், வறண்டு.

தேனிக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கொட்டகுடி ஆற்றிலிருந்து பிரிந்து ஊருக்குள் ஓடும் ராஜவாய்க்கால் ஆக்கிரமிப்பால் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 1990-களின் கடைசியில் மாவட்டத் தலைநகரானது, 2022-ல் மதுரை ரயில் திரும்ப வந்தது என்று ஒவ்வொரு நல்ல செய்திக்கும் சென்ட் விலை ஏறியது. விலை ஏறிய பிறகு வாய்க்கால் கரைக்கு யார் மரியாதை தருவார்கள்?

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் பேசக் காணோம். கண்மாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அதன் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு. கீழே வயல் இருந்தவரைக்கும் மடை பழுதென்றால் ஆள் திரண்டது. கரையில் எலிவளை விழுந்தாலும் நீர்பாய்ச்சி கவனித்தார். ஐப்பசியில் கண்மாய் பெருகினால் சம்சாரிக்குச் சந்தோஷம். அதே நஞ்சை மனையாகி வீடுகள் வந்துவிட்டால், கண்மாய் பெருகுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் கீழே இருப்பார்கள். மடையைத் திற, தண்ணீரை வெளியேற்று என்று மனு கொடுப்பார்கள். தப்பென்று சொல்ல முடியுமா? பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்கள். ஆனால் மாசி பிறந்ததும் போர்வெல்லில் காற்று வருகிறது என்று புலம்புவதும் அவர்களே. தண்ணீர் நிறைய வேண்டும் என்று கேட்க ஆளில்லாத கண்மாய் கொஞ்ச காலத்தில் சாக்கடைக்கும் ஆகாயத்தாமரைக்கும் போய்ச் சேருகிறது.

சென்னை தியாகராய நகர் இந்தக் கதையை நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டது. மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடித்து, 1923-ல் தொடங்கிய குடியிருப்புத் திட்டத்தில் உருவான பகுதி அது. ஏரி போனது மழைக்குத் தெரியாது. பெருமழை வருஷங்களில் தெருவிலேயே வந்து தேங்குகிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, எந்த ஏரியைப் பார்க்கவோ!

வீடே கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. மனை வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், வாஸ்துகூடப் பார்க்கிறோம். புலப்படத்தை வாங்கி, ஓடைக் கோடு எந்த மனைக்கு அடியில் போகிறது என்று பார்க்கிறவர் குறைவு. அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு எந்தச் சர்வே எண் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். மனையை நேரில் பார்க்கப் போவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். புரோக்கர் சித்திரையில்தான் கூப்பிடுவார்.