நட்சத்திரம் கேட்கிறோம், இரத்தத்தை யார் கேட்பது?

நைஜீரியப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கிப் பழகத் தொடங்கினால், விரைவிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்: "உன் ஜெனோடைப் என்ன?" ஏஏ என்றால் நிம்மதி. இருவருமே ஏஎஸ் என்றால் காதல் அதோடு முறிவதும் உண்டு. நம் வீடுகளில் ராசி, நட்சத்திரம் கேட்பதைப் போல்தான். அங்குள்ள பல தேவாலயங்கள் திருமணத்திற்கு முன் இந்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குகின்றன.

காரணம், அரிவாள் செல் நோய். நைஜீரியர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அதன் மரபணுவைச் சுமக்கிறார்.

இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போவதால் வரும் நோய் இது. ஆக்சிஜன் குறையும்போது வட்டமான சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகிறது. மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி, இரத்தச்சோகை, சிலருக்கு சிறுவயதிலேயே பக்கவாதம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்லர். மலேரியாவின் கடுமையிலிருந்து அது காப்பதும் உண்டு. கடும் உடற்பயிற்சியின்போது மட்டும் சிலருக்கு ஆபத்து நேரலாம். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 19 வயது காற்பந்து மாணவர் ஒருவர் பயிற்சிக்குப் பின் உயிரிழந்தார். அவருக்கு இந்த மரபணு இருந்தது. அதன் பிறகே, 2010இல் அந்நாட்டின் முதல்நிலைப் பல்கலைக்கழக விளையாட்டாளர்களுக்கு இந்தப் பரிசோதனை விதியானது.

சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. "மூத்தது நன்றாகத்தானே பிறந்தது" என்ற ஆறுதல் இங்கே செல்லாது. அடுத்த பிள்ளைக்கும் அதே 25 விழுக்காடுதான்.

இது ஆப்பிரிக்கர் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்த மரபணு கண்டறியப்பட்டது. அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்நோய் இருப்பது பதிவானது.

மலேசியாவில் அரிவாள் செல் அரிது. இங்கே பரவலாக இருப்பது அதன் உறவுக்கார நோயான தலசீமியா. 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்கு, பெற்றோர் சம்மதத்துடன், பள்ளிகளில் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. சம்மதப் பாரத்தைப் புத்தகப் பையிலேயே மறந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சோதனையில் முதலில் பார்ப்பது இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அளவும். அதில் சந்தேகம் எழுந்தால்தான் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவருக்கு முதல் சோதனை பெரும்பாலும் சரியாகவே வரும். ஆகவே உறவில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் கிளினிக்கில் அதைச் சொல்லி, ஹீமோகுளோபின் பகுப்பாய்வைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. ஒருவர் அரிவாள் செல், மற்றவர் பீட்டா தலசீமியா என்று சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

நம்மவர் பலர் சோதனைக்குத் தயங்குவது ஊசிக்குப் பயந்து அல்ல. மகளுக்கு 'இருக்கிறது' என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமோ என்ற அச்சம்தான். செவ்வாய் தோஷம்போல் இதைப் பார்ப்பது தவறு. இந்த மரபணு ஆணிடமும் அதே அளவுக்கு இருக்கும். வரும் துணைக்கு இவ்வகை மரபணு எதுவும் இல்லையென்றால், பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்நோய் வராது.

வீட்டில் ஒருவருக்கு மரபணு இருப்பது தெரிந்தால், உடன்பிறந்தவர்களையும் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு.