10 ஷில்லிங்குக்குப் போன சிங்கப் பாட்டு!

"லயன் கிங்" படம் பார்த்திருப்பீர்கள். 1994-ல் வந்த அந்தக் கார்ட்டூன் படத்தில், தூங்கும் சிங்கத்தைப் பற்றி காட்டுப்பன்றியும் அதன் சிநேகிதனும் ஒரு பாட்டுப் பாடும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது!

மெட்டுப் போட்டவர் சாலமன் லிண்டா. தென் ஆப்பிரிக்காவின் ஜூலு இனப் பாடகர். 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தன் கோஷ்டியுடன் இசைத்தட்டில் பாடினார். பாட்டின் பெயர் "ம்பூபே". ஜூலு மொழியில் சிங்கம் என்று அர்த்தம். தட்டு சக்கைப்போடு போட்டது. உரிமையோ வெறும் 10 ஷில்லிங்குக்குக் கைமாறிவிட்டது!

கடல் தாண்டியது

தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. "வீவர்ஸ்" கோஷ்டியின் பீட் சீகர் கேட்டார். ஜூலு வார்த்தை அவர் காதில் "விமோவே" என்று விழுந்தது. அதையே தலைப்பாக வைத்துப் பாடிவிட்டார்கள்!

1961-ல் "டோக்கன்ஸ்" கோஷ்டி ஆங்கில வரிகளுடன் பாடியது. அமெரிக்காவில் முதல் இடம்! அப்புறம் ஆளாளுக்குப் பாடினார்கள். பணம் கொட்டியது. லிண்டா 1962-ல் ஏழையாகவே கண்ணை மூடினார்.

கைகொடுத்த சட்டம்

பழைய பிரிட்டிஷ் சட்டம் ஒன்று உண்டு. ஆக்கியவர் இறந்து 25 வருஷம் ஆனால், விற்ற உரிமை வாரிசுகளுக்கே திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டு, லிண்டாவின் மகள்களுக்காக 2004-ல் டிஸ்னி கம்பெனி மீது வழக்குப் போடப்பட்டது. 2006-ல் சமரசம். பழைய வசூலுக்குப் பணம் கிடைத்தது. மெட்டுப் போட்டவர்களில் ஒருவராக லிண்டாவின் பெயரும் ஏறியது.

பாட்டு பிறந்து 67 வருஷம் கழித்து, பெற்றவர் பெயர் சேர்ந்தது!