கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்து அச்சுவேலியின் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அப்போது கொதிப்பது கூரை. யன்னல் கண்ணாடியில் நேர்வெய்யில் படுவதேயில்லை. யன்னல் வழியாக வீட்டைச் சுடவைப்பது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து சரிந்து வரும் வெய்யில்தான். காலையில் கிழக்கிலிருந்து வருவது அதற்கு அடுத்தபடி. தெற்கு யன்னலில் வெய்யில் விழுவது பெரும்பாலும் மாரிகாலத்தில். வடக்கு யன்னலை உச்சிப்பொழுதில் சிறிய தாழ்வாரமே காத்துவிடும். ஆகவே யன்னலுக்கு டின்ட் பிலிம் ஒட்ட நினைப்பவர் விலை கேட்பதற்கு முன் திசை பார்க்கவேண்டும். கடைக்காரர் வீடு முழுவதற்கும் ஒட்டச் சொன்னால் மேற்குச் சுவரை மட்டும் காட்டுங்கள்.

சூரியனிலிருந்து நம்மை வந்தடையும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஐந்து சதவீதமளவு புற ஊதா. மிச்சம்தான் நாம் காணும் வெளிச்சம். சாதாரண 3 மில்லிமீற்றர் கண்ணாடி இந்த வெப்பத்தில் 86 சதவீதத்தை உள்ளே விடுகிறது. மேற்குச் சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு 600 வாட் வெய்யில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 500 வாட்டுக்கு மேல் அறைக்குள் வரும். இரண்டு சதுர மீற்றர் யன்னல் என்றால், ஓர் அயன்பொக்ஸை அறைக்குள் போட்டு வைத்தது போல.

இதைத் தடுக்கத்தான் பிலிம். ஆனால் எங்கள் கடைகளில் கேட்கப்படும் முதற்கேள்வி “எவ்வளவு கறுப்பு வேணும்?” என்பதே. கறுப்பு என்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். மலிவான சாயப் பிலிம் வெளிச்சத்தை உறிஞ்சித் தானும் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை வீட்டுக்குள்ளேயே கக்குகிறது. அகச்சிவப்பின் பெரும்பகுதி அதனூடாகப் போய்விடும். சில வருடங்களில் சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் சிதைய, கண்ணாடி ஊதா நிறமாகிவிடும். அலுமினியம் போன்ற உலோகம் படிந்த பிலிம் வெய்யிலை வெளியே திருப்பியனுப்பும். வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டி. ஆனால் தொலைபேசி அலையையும் ஓரளவு மறிக்கும். தொண்டைமானாற்றுப் பக்கத்து உப்புக்காற்றில் அதன் ஓரங்கள் அரிக்கப்படும் அபாயமும் உண்டு. செரமிக் பிலிமில் உள்ள நுண்துகள்கள் அகச்சிவப்பை உறிஞ்சிக்கொண்டு வெளிச்சத்தைப் பெருமளவு உள்ளே விடுகின்றன. விலை கூடியது அதுதான்.

விளம்பரத்தில் “90 சதவீத அகச்சிவப்புத் தடுப்பு” என்று கண்டால் நம்பிவிட வேண்டாம். வெய்யிலின் அகச்சிவப்பு ஏறத்தாழ 780 நானோமீற்றரிலிருந்து 2500 வரை பரந்தது. அதில் 950 என்ற ஒரே இடத்தில் அளந்தும் இந்த எண்ணைச் சொல்லலாம். கடை மேசையில் விளக்கு வைத்துக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வதும் சில விநாடிச் சோதனைதான். உறிஞ்சிய பிலிம் சூடேற அதற்கு மேல் நேரம் எடுக்கும். கேட்கவேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் வெளியே நிற்கிறது என்பது. வெறும் கண்ணாடிக்கே அது 14. ஐம்பது உள்ள பிலிம் ஒட்டினால் மேலே சொன்ன 500 வாட் 300 ஆகும்.

புற ஊதாவுக்கும் கறுப்புக்கும் தொடர்பேயில்லை. நிறமற்ற நல்ல பிலிமும் 99 சதவீதத்தைத் தடுக்கும். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லொறிச் சாரதி ஒருவரின் படம் வெளியானது. 28 வருடங்கள் வண்டி ஓட்டியவர். யன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கிப்போயிருந்தது. கண்ணாடி விட்ட புற ஊதாதான் காரணம். யன்னலோரம் முழுநாளும் இருந்து தைப்பவரும் கணக்கெழுதுபவரும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். துணிக்கடைக்காரருக்கோ கண்ணாடிக்குள் தொங்கும் சேலையின் நிறமே முதல்.

நல்ல பிலிமும் ஒட்டும் கையால் கெடும். சவர்க்காரம் கலந்த தண்ணீரைத் தெளித்து, பிலிமை வைத்து, ரப்பர்ப் பட்டையால் தண்ணீரை வழித்தெடுப்பதுதான் முறை. இங்கேதான் எங்கள் மண் குறுக்கே வருகிறது. நிலாவரைக் கிணற்றைத் தந்த அதே சுண்ணாம்புக்கல்தான் வலிகாமத்து நிலத்தடியில் எங்கும் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வந்து கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் அந்தச் சுண்ணாம்பு, பிலிமுக்குள் மாட்டினால் கறையாக நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரை விட்டு காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாவிக்கச் சொல்லுங்கள். செம்மண் புழுதி பறக்கும் காற்று நாளில் வேலை வேண்டாம். ஒவ்வொரு துகளும் ஒரு கொப்புளம். ஒட்டியபின் சில நாட்களுக்குத் தெரியும் நீர்க்குமிழிகள் தானே காயும், குத்தாதீர்கள். பிறகும் அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்கக்கூடாது. வெய்யிலும் நிழலும் பாதிப் பாதியாய் விழும் பெரிய கண்ணாடியில் கடும் கறுப்புப் பிலிம் ஒட்டினால், சூடு ஏறும் வேறுபாட்டாலேயே கண்ணாடி வெடிக்கலாம்.

என் தீர்ப்பு இது: மேற்கு யன்னலுக்கு வெளியே வேம்போ தட்டியோ வைக்க இடமிருந்தால் அதற்கே காசைச் செலவழியுங்கள். வெப்பம் கண்ணாடியைத் தொடுமுன் நிற்கும். எந்தப் பிலிமும் அதற்கு ஈடாகாது. கடை முகப்பு, மேல்மாடி என்று அதற்கு வழியில்லாத இடங்களுக்குச் செரமிக். வாங்கும்போது டி.எஸ்.இ.ஆர். எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.