ஒலியலையும் ஒளியலையும்

ஒலியும் ஒளியும் அலைகளே என்று பாடநூல்கள் கூறுவதால், அவ்விரண்டும் ஓரினத்தைச் சேர்ந்தவை என மாணவர் கருதிவிடுவதுண்டு. பெயர் பொதுவேயன்றி, அலைவது இரண்டிலும் ஒன்றன்று. ஒலியில் அசைவது பொருள். காற்றும் நீரும் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்ந்து, நெருங்கியும் விலகியும் அதனைக் கடத்துகின்றன. ஆகவே வெற்றிடத்தில் ஒலி செல்லாது. ஒளியில் அதிர்பவை மின்புலமும் காந்தப்புலமும்; அவை செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்வன; ஊடகம் வேண்டாதன. வகுப்பில் வழக்கமாகக் காட்டப்பெறும் குளத்தலை இவ்விரண்டிற்குமே முழுதும் பொருந்தாத உவமை என்பது எம் கருத்து.

வேகத்திலோ வேற்றுமை மிகப் பெரிது. பெங்களூரின் தென்பகுதியான அடுகோடியில் மின்னல் வெட்டுவதாகக் கொள்வோம். சுமார் 10 கிலோமீட்டருக்கு அப்பால், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிற்பவரை அவ்வொளி விநாடியின் 30,000-இல் ஒரு பங்கில் அடையும். இடியோசை வந்துசேர ஏறக்குறைய 30 விநாடி ஆகும். வெளியிற் பணிபுரிவோர் இக்கணக்கை நினைவிற் கொள்ளல் வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருப்பின் உடனே கட்டடத்துள் புகுதல் வேண்டும். மரத்தடி பாதுகாப்பான இடமன்று. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளிவரலாம்.

இவ்விரு அலைகளும் ஒரே பாத்திரத்தில் சந்திப்பதை விளக்கிய ஆராய்ச்சியும் அக்கழகத்திற்கே உரியது. செவிக்கு எட்டாத மீயொலி செல்லும் திரவத்தின் குறுக்கே ஒளிக்கற்றையை விட்டால், அது பல கிளைகளாகப் பிரிகிறது. 1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இது காணப்பட்டது. ஆயினும், கிளைகளின் ஒளிர்வு ஏன் ஒழுங்கின்றி ஏறியிறங்குகிறது என்பது விளங்காதிருந்தது. 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும் தொடர்கட்டுரைகளில் இதனை விளக்கினர்.

ஒலியினால் திரவத்தில் அடர்ந்த அடுக்கும் தளர்ந்த அடுக்கும் மாறிமாறி அமைகின்றன. அடர்ந்த அடுக்கில் ஒளி சற்றே பின்தங்குகிறது, தடுக்கப்படுவதில்லை. எனவே தட்டையாகப் புகுந்த அலைமுகம், தகரக் கூரைபோல் நெளிநெளியாக வெளிவருகிறது. அந்நெளிவே கிளைகளாகப் பிரிகிறது. ஒலியின் வலிமை மாறுந்தோறும் ஒளிர்வு கிளைக்குக் கிளை இடம் மாறுகிறது.

ஓடும் ஒலி நிலையான அடுக்காவது எங்ஙனம் எனலாம். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். விநாடிக்கு ஒரு கோடி அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் அங்கே 0.15 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள நீரை ஒளி கடந்து முடிப்பதற்குள், ஒலியலை தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை. ஒளிக்கு அது உறைந்து நிற்பது போன்றதே. எனினும் அவ்வோட்டம் சுவடின்றிப் போவதில்லை: கிளைத்த ஒளியின் அதிர்வெண், ஒலியின் அதிர்வெண்ணளவோ அதன் மடங்குகளளவோ கூடியும் குறைந்தும் வெளிப்படுகிறது. இன்று லேசர் கற்றையைத் திருப்பவும், அதன் அதிர்வெண்ணைச் சிறிதளவு மாற்றவும் பயன்படும் கருவிகளில், படிகத்தினுள் ஒலியைச் செலுத்தி இப்பணியையே செய்விக்கின்றனர்.