மேமோகிராமைப் பார்க்கும் கணினி யாரைப் பார்த்துக் கற்றது?

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்தான் படத்தைப் பாக்குதாமே? அதுக்கு நம்மள மாதிரி ஆளுங்களைத் தெரியுமா?"

மேமோகிராம் எடுத்துவிட்டு வந்த அம்மா, தேக்கா சந்தையில் முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்ட கேள்வி இது. நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வரக்கூடும். 'பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர்' தேசியப் பரிசோதனைத் திட்டம் 2002இல் தொடங்கியது. 50 முதல் 69 வயதுவரை உள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஒருவருக்கு வழக்கமாக 4 படங்கள் எடுப்பார்கள். ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்த்து ஒன்று. அவற்றை இரண்டு கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியாகப் பார்ப்பது இங்குள்ள நடைமுறை. பார்க்கவேண்டிய படங்கள் ஏராளம், நிபுணர்கள் கொஞ்சம். அதனால்தான் உலகெங்கும் செயற்கை நுண்ணறிவின் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது.

சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முதற்கட்ட முடிவு 2023இல் வெளியானது. அதில் 80,000 பெண்கள் பங்கெடுத்திருந்தார்கள். ஏஐ துணையோடு பார்த்தபோது நிபுணர்களின் வேலைப்பளு 44 விழுக்காடு குறைந்தது. புற்றுநோயைக் கண்டுபிடிப்பதும் குறையவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் அது சுவீடன்.

கணினிக்குப் பாடப் புத்தகம் எது?

கணினிக்கு மருத்துவம் தெரியாது. "இது புற்றுநோய், இது இல்லை" என்று குறித்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டினால், வித்தியாசத்தை அதுவாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்த்துவைத்து, மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தத் திறந்துவிடும் படங்களைத்தான் 'பொதுப் படத் தொகுப்பு' என்கிறார்கள்.

ஆரம்பகாலத் தொகுப்புகளில் ஒன்று பிரிட்டனின் 'மியாஸ்'. அதில் 322 படங்கள்தான். 1990களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த 'டிடிஎஸ்எம்' தொகுப்பில் சுமார் 2,600 பேரின் படங்கள் இருந்தன. எல்லாம் பிலிம் காலத்துப் படங்கள், ஸ்கேன் செய்து ஏற்றியவை. கோப்பு வடிவமும் பழையது. பல ஆண்டுகள் கழித்து அதைத் திறக்க முயன்ற மாணவர்கள் பட்ட பாடு தனிக் கதை. 2017இல்தான் அதன் ஒரு பகுதியைச் சுத்தம்செய்து, இன்றைய மருத்துவப் பட வடிவத்தில் வெளியிட்டார்கள்.

பல ஆண்டுகளுக்கு உலகின் பாதி ஆய்வுக் கட்டுரைகள் இந்த ஒரு சில தொகுப்புகளையே சுற்றிச் சுற்றி வந்தன என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை. இலவசமாகக் கிடைத்தது அவ்வளவுதானே!

'விடை'தான் கஷ்டம்

படம் கிடைப்பதுகூடப் பரவாயில்லை, அதற்குச் சரியான விடை கிடைப்பதுதான் சிரமம்.

"புற்றுநோய்" என்று ஒரு படத்தில் குறிக்கவேண்டுமானால், ஊசியால் திசு எடுத்துச் சோதித்த முடிவு வேண்டும். "புற்றுநோய் இல்லை" என்று குறிப்பது அதைவிடச் சிக்கல். இன்று சுத்தமாகத் தெரியும் படத்தின் சொந்தக்காரருக்கு அடுத்த பரிசோதனைக்கு முன்பே நோய் வெளிப்படலாம். அதனால் இரண்டு ஆண்டாவது காத்திருந்து, அவர் நலமாக இருக்கிறாரா என்று புற்றுநோய்ப் பதிவகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தப் படத்தை நம்பமுடியும்.

இரண்டு நிபுணர்களும் "ஒன்றுமில்லை" என்று சொல்லி, பிறகு நோய் வந்த படங்கள்தான் கணினிக்கு ஆகச் சிறந்த பாடம். மனிதக் கண் எங்கே தவறுகிறது என்பதை அவைதான் காட்டும். பெரும்பாலான பொதுத் தொகுப்புகளில் அவை ரொம்பக் குறைவு.

விடைத்தாளை அவசரமாகத் தயாரித்தால் என்ன ஆகும்? புற்றுநோய்ப் படங்கள் எல்லாம் ஒரு மருத்துவமனையிலிருந்தும், சாதாரணப் படங்கள் வேறொன்றிலிருந்தும் வந்தால், கணினி கட்டியைத் தேடாது. எந்த இயந்திரத்தில் எடுத்த படம் என்பதை மட்டும் கண்டுபிடித்து முழு மதிப்பெண் வாங்கிவிடும். பரீட்சைக்கு 'ஸ்பாட்' கேள்வி மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவரைப் போல.

மதிப்பெண்ணிலும் ஏமாறலாம். வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 2023இல் உலக அளவில் ஒரு போட்டி நடத்தியது. 54,000க்கும் அதிகமான படங்கள், அவற்றில் புற்றுநோய் சுமார் 2 விழுக்காடு. எந்தப் படத்தைக் காட்டினாலும் "நோய் இல்லை" என்று சொல்லும் மென்பொருள்கூட அதில் 98 விழுக்காடு 'சரி'. அடுத்த முறை "98 விழுக்காடு துல்லியம்" என்று தலைப்புச் செய்தி பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். (செய்தி எழுதும் நானும்தான்.)

இதற்கு முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. சந்தேகப் புள்ளிகளைக் குறித்துக் காட்டும் முதல் மென்பொருளுக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நாடு முழுவதும் பரவியது. 2015இல் வெளியான பெரிய ஆய்வு, அந்த மென்பொருளோடு பார்த்தாலும் இல்லாமல் பார்த்தாலும் துல்லியம் கூடவில்லை என்றது.

நாம் அந்தப் படங்களில் இருக்கிறோமா?

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பித் திசு வெள்ளை. கட்டியும் வெள்ளை. திசு அடர்த்தி அதிகமானால், பனிமூட்டத்தில் வெள்ளைப் பூனையைத் தேடுகிற கதைதான். ஆசியப் பெண்களுக்கு இந்த அடர்த்தி பொதுவாக அதிகம். மேற்கத்தியப் படங்களில் மட்டும் படித்த கணினி இங்கே தடுமாறலாம் என்ற கவலைக்கு அதுவும் ஒரு காரணம்.

வியட்னாம் அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. ஹனோய் மருத்துவமனைகளின் 5,000 பரிசோதனைகளை, அதாவது 20,000 படங்களை, 'வின்டிஆர்-மேமோ' என்ற பெயரில் திறந்துவிட்டது. அதிலும் ஒரு குறை உண்டு. விடைகள் நிபுணர்கள் பார்த்துச் சொன்னவை, திசுப் பரிசோதனை முடிவுகள் இல்லை. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம் இன்னும் பெரிதாகச் செய்தது. கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும்படி 34 லட்சம் படங்களைச் சேர்த்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை மற்ற ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறது.

இந்தியப் பெண்கள்? இந்தியாவிலிருந்து 500 சொச்சம் படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அது எம்மாத்திரம்!

'ஆசியப் பெண்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் சரிவராது. சீன, மலாய், இந்தியப் பெண்கள் மூவரையும் ஒப்பிட்ட மலேசிய ஆய்வுகளில், மார்பக அடர்த்தி சீனப் பெண்களிடம் இந்தியப் பெண்களைவிட அதிகமாக இருந்தது.

சிங்கப்பூரில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கு 1994இல் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் 28,000க்கும் அதிகமான பெண்களைப் பரிசோதித்தார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 5 பேரிடம் புற்றுநோய் தெரிந்தது. அதே விகிதத்தில் ஒரு லட்சம் பெண்களைப் பரிசோதித்தால் 500 பேர். குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. அப்படியானால் நம்மவர்கள் தோராயமாக 45 பேர்.

ஒரு லட்சம் பேரைச் சோதித்து, 45 பேர். "இந்தக் கணினி இந்தியப் பெண்களிடமும் சரியாக வேலை செய்கிறதா?" என்ற கேள்விக்கு அந்தக் கைப்பிடி அளவுப் படங்களை வைத்துத்தான் பதில் சொல்லவேண்டும். அதிலும் 50 முதல் 69 வயதுப் பெண்களில், சொன்னபடி இரண்டு ஆண்டுக்குள் பரிசோதனைக்குப் போனவர்கள் 10இல் 4 பேருக்கும் குறைவு.

இங்கே முயற்சிகள் இல்லாமல் இல்லை. தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மருத்துவர்களும் தொடங்கிய 'ஃபாதம்எக்ஸ்' நிறுவனம் மேமோகிராமுக்கான ஏஐ-ஐ உருவாக்கியிருக்கிறது. பொது மருத்துவமனைகளில் இத்தகைய மென்பொருள்களை இயக்க 'எய்ம்எஸ்ஜி' என்ற பொதுத் தளமும் உண்டு.

அப்போ, எல்லாப் படத்தையும் திறந்துவிடலாமே?

அவ்வளவு எளிதில்லை. 2018இல் சிங்ஹெல்த் தரவுத்தளத்தில் ஊடுருவல் நடந்து, 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோனதை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

மேமோகிராமில் முகம் தெரியாது. ஆனால் படக் கோப்புக்குள் பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, எடுத்த இடம் எல்லாம் பதிந்திருக்கும். சில நேரம் படத்தின் ஓரத்திலேயே எழுத்தாகவும் இருக்கும். பகிர்வதற்கு முன் அவற்றை அழிக்கவேண்டும், தேதிகளையும் மாற்றவேண்டும். ஆனால் வயது, இனம், அபூர்வமான நோய் வகை என்று விவரம் கூடக்கூட, ஆளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கூடும். சிறிய சமூகம் என்றால் இன்னும் சுலபம். நம்மைச் சேர்த்துக்கொள்ளவேண்டுமானால் இனம் தெரியவேண்டும், நம்மைக் காப்பாற்றவேண்டுமானால் அதையே மறைக்கவேண்டும். இந்த இழுபறிக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை.

இதற்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. படங்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போகாது. கணினி நிரல்தான் ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய் டியூஷன் எடுத்துக்கொண்டு, கற்றதை மட்டும் கொண்டுவரும்.

இதையெல்லாம் விளக்கியதும் அம்மா கேட்டார், "அப்போ என் படத்தையும் எடுத்துக்குவாங்களா? என்னைக் கேப்பாங்களா?"

எந்த ஆய்வாக இருந்தாலும், முதலில் நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தரவேண்டும். அடையாளம் நீக்கிய பழைய படங்கள் என்றால், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கையெழுத்து வாங்கத் தேவையில்லை என்று அந்தக் குழு முடிவுசெய்யலாம். நேரடியாக ஆய்வில் சேரச் சொன்னால் ஒப்புதல் படிவம் தருவார்கள். படத்தை யார் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கோ நிறுவனங்களுக்கோ போகுமா, பிறகு மனம் மாறினால் விலகலாமா என்ற மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். சேர மறுத்தாலும் சிகிச்சை பாதிக்கப்படாது.

அம்மா யோசித்துவிட்டு, "பேரை எடுத்துட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். பக்கத்து வீட்டு அக்கா 58 வயதாகியும் இன்னும் ஒருமுறைகூட மேமோகிராம் எடுக்கவில்லையாம். அடுத்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போகப்போகிறார்.